தண்ணீர்மலை தரிசனம் முடித்து லங்காவி போகிறவர்களுக்கு: ஸ்பீட் போட் எப்படித் தேர்ந்தெடுப்பது

தைப்பூசம் வந்தால் எங்கள் காரைக்குடிப் பக்கம் இரண்டு திசையில் ஆள் கிளம்பும். காவடியோடு பழனிக்கு நடக்கிறவர்கள் ஒரு பக்கம், திருச்சியில் விமானம் ஏறி கோலாலம்பூர் வழியாக பினாங்கு தண்ணீர்மலைக்குப் போகிறவர்கள் இன்னொரு பக்கம். கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வியாபாரம் செய்யப் போன ஐயாமார் காலத்துக் கோயிலும் வெள்ளி ரதமும் அங்கே இருப்பதால் அந்தப் போக்குவரத்து இன்றுவரை நிற்கவில்லை. இப்போது ரதம் பார்த்த கையோடு மலேசியாவிலேயே இருக்கும் லங்காவித் தீவுக்கும் போய் மூன்று நாள் இருந்துவிட்டு வருவது வழக்கமாகிவிட்டது. பினாங்கிலிருந்து விமானத்தில் போகலாம், இல்லையென்றால் கோலக் கெடா வரை சாலையில் போய் அங்கிருந்து ஃபெர்ரி பிடிக்கலாம்.

அங்கே ஸ்பீட் போட்டில் சுற்றியுள்ள சின்னத் தீவுகளுக்குப் போய்வந்தவர்களிடம் கேட்டால் பாதிப் பேர் "அப்படி ஒரு கடலை வாழ்நாளில் பார்த்ததில்லை" என்கிறார்கள், மீதிப் பேர் "இடுப்பு போச்சு, இனி அந்தப் பக்கமே வேண்டாம்" என்கிறார்கள். இரண்டு கூட்டமும் போனது அதே கடல், அதே மூன்று தீவு. ஏறிய படகும் ஏறிய நேரமும்தான் வேறு. தெருவில் யார் டிக்கெட் போட்டாலும் என்னிடம் இதைக் கேட்கிறார்கள், அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

முதல் முறை நாங்கள் எட்டுப் பேர் போனோம். அப்பத்தாவுக்கு அப்போது 74 வயது, அக்கா பையனுக்கு மூன்று. "சிறிய குழு, பத்தே பேர்" என்று போட்டிருந்ததைப் பார்த்துப் பணம் கட்டினேன். காலையில் வேன் வந்தது, வேனில் சரியாகப் பத்துப் பேர், சந்தோஷமாக ஏறினோம். படகுத்துறையில் இறங்கினால் அதே மாதிரி இன்னும் இரண்டு வேன் நிற்கிறது, மூன்று வேன் ஆட்களுக்கும் ஒரே படகு. குழு என்று அவர்கள் சொன்னது வேனை. கடைசியாக ஏறியதால் அப்பத்தாவுக்கு முன்வரிசைதான் கிடைத்தது, இரண்டாவது தீவுக்குப் போவதற்குள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டார்கள். மூன்றாவது தீவில் அவர்கள் இறங்கவே இல்லை. அந்தக் கோபம் எனக்கு நெடுநாள் போகவில்லை. கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காமல் அவர்களைக் கூட்டிப்போனோமே என்ற வருத்தம் அதைவிடப் பெரிது.

அதனால் முதலில் கேட்க வேண்டியது இரண்டு எண்கள். படகில் மொத்தம் எத்தனை இருக்கை? அன்றைக்கு எங்களையும் சேர்த்து எத்தனை பேரை ஏற்றுவீர்கள்? ஒரு எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டு போனால் விவரம் தெரியாது. பன்னிரண்டு இருக்கைப் படகில் பன்னிரண்டு பேர் என்றால் முட்டி இடிக்கும், பை வைக்க இடமில்லை, இடம் மாறி உட்கார முடியாது. இருபது இருக்கைப் படகில் அதே பன்னிரண்டு பேர் என்றால் வயதானவர்களுக்கு வேண்டிய இடத்தைக் கொடுக்கலாம், குழந்தை தூங்கினால் படுக்க வைக்கலாம். "துறையில் வேறு குழுவோடு சேர்ப்பீர்களா?" என்பதையும் நேராகக் கேளுங்கள். எழுத்தில் பதில் வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் வந்தால் போதும், துறையில் காட்டிப் பேசலாம்.

அடுத்தது படகு. விளம்பரப் படத்தில் கடலும் தீவும்தான் இருக்கும், படகு ஓரத்தில் கொஞ்சம் தெரியும். நமக்கு வேண்டியது அந்த ஓரம். போய்வந்தவர்கள் போட்ட படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். பின்னால் எஞ்சின் இரண்டு இருக்கிறதா என்று எண்ணுங்கள், நடுக்கடலில் ஒன்று நின்றாலும் இன்னொன்று மெதுவாகக் கரை சேர்க்கும். மேலே கூரை முழுதாக இருக்கிறதா, பாதிதானா? தண்ணீரில் இறங்க ஏணி இருக்கிறதா, அதில் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி உண்டா? ஆட்கள் லைஃப் ஜாக்கெட்டைப் போட்டிருக்கிறார்களா, இல்லை இருக்கைக்கு அடியில் மூட்டையாகக் கிடக்கிறதா? குழந்தைக்கான ஜாக்கெட்டைத் தனியாகக் கேட்க வேண்டும். பெரியவர்கள் அளவை இறுக்கிக் கட்டிவிடுவார்கள், அது உதவாது. போட்டுவிட்ட பிறகு இரண்டு தோள்பட்டையையும் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள், ஜாக்கெட் காதுக்கு மேலே ஏறினால் வேறு அளவு வேண்டும்.

உட்காரும் இடத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், எங்கள் வீட்டில் பட்டது இதில்தான். தேவகோட்டை டவுன் பஸ்ஸில் கடைசி சீட்தான் தூக்கிப் போடும், முன்சீட்டில் உட்கார்ந்தால் அவ்வளவு தெரியாது. ஸ்பீட் போட்டில் அது தலைகீழ். வேகம் எடுத்ததும் படகின் மூக்கு மேலே எழும்பும், ஒவ்வொரு அலையிலும் மூக்குதான் தூக்கி அடிபடும், பின்பக்கம் தண்ணீரிலேயே படிந்து போகும். முன்வரிசையில் உட்கார்ந்து முதுகெலும்பு நொறுங்கியவர்கள் உண்டு. அது வாலிபர்களுக்கும் நடந்திருக்கிறது. வயதானவர்கள், எலும்பு தேய்ந்தவர்கள், முதுகு ஆபரேஷன் ஆனவர்கள் கட்டாயம் பின்பாதியில் உட்கார வேண்டும். எஞ்சின் சத்தமும் பெட்ரோல் வாடையும் அங்கே அதிகம், தண்ணீரும் தெறிக்கும், ஆனாலும் அதுதான் அவர்களுக்கு நல்ல இடம். வாடையில் குமட்டுகிறவர்களை எஞ்சினிலிருந்து இரண்டு வரிசை முன்னால் வையுங்கள். கர்ப்பிணிகளுக்கு ஸ்பீட் போட் வேண்டவே வேண்டாம். பல கம்பெனிக்காரர்களே ஏற்றமாட்டார்கள், ஏற்றுகிறேன் என்று சொல்பவரிடம் கூடுதல் கவனமாக இருங்கள்.

சரி, நேரம். லங்காவியில் வழக்கமான தீவுச்சுற்று ஏறக்குறைய நான்கு மணி நேரம், காலையில் ஒரு நடை, மதியத்துக்குப் பிறகு ஒரு நடை. தெலுக் பாரு துறையிலிருந்து நிறையப் படகுகள் கிளம்புகின்றன. என் தேர்வு எப்போதும் காலைதான். வெயில் ஏற ஏற நிலம் சூடாகி, கடலிலிருந்து காற்று எழும்பி, மதியத்தில் தண்ணீர் குதிக்க ஆரம்பிக்கும். தொண்டிப் பக்கம் கரையில் நின்று பார்த்தவர்களுக்கு இது தெரியும். காலை நடையிலும் முதல் படகாக இருந்தால் தீவில் கூட்டம் வருவதற்குள் பார்த்துவிட்டுத் திரும்பலாம்.

தைப்பூசத்தை ஒட்டிப் போகிறவர்கள் இன்னொரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும், இதை எந்தக் கம்பெனியும் தானாகச் சொல்லாது. தைப்பூசம் பௌர்ணமியை ஒட்டி வரும். பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் பிந்தைய ஓரிரு நாளில்தான் கடல் ஏற்றமும் வற்றமும் மிகப் பெரிதாக இருக்கும். ரதம் பார்த்துவிட்டு நாம் லங்காவியில் இறங்குவது சரியாக அந்த நாட்களில். லங்காவியில் 99 தீவு என்பார்கள், தண்ணீர் நன்றாக வற்றினால் இன்னும் ஐந்து தலை காட்டும் என்றும் சொல்வார்கள். பார்க்க அழகு, ஆனால் அந்த நேரத்தில் படகு கரைக்கு அருகே வராது, பாசி பிடித்த பாறையிலும் சேற்றிலும் நடக்க வேண்டியிருக்கும், படிக்கட்டு வைத்த துறையில் படகு வெகு கீழே நிற்கும், அங்கிருந்து அப்பத்தாவைத் தூக்கித்தான் ஏற்ற வேண்டும். நன்றாக ஏறிவிட்டாலோ சில குகைகளுக்குள் போகமுடியாது, மணல் திட்டும் மூழ்கிவிடும். அங்கே ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றும், ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். செல்போனில் இந்த ஏற்ற வற்ற நேரம் காட்டும் செயலிகள் இருக்கின்றன. பார்த்துவிட்டு, "அன்று காலை வற்றம் இத்தனை மணிக்கு, அப்போது நாம் எந்தத் தீவில் இருப்போம், அங்கே மிதவைத் துறையா, தண்ணீரில் குதித்து இறங்க வேண்டுமா?" என்று கேளுங்கள். விஷயம் தெரிந்தவர் உடனே பதில் சொல்வார். நான் இந்தக் கேள்வியை வைத்துத்தான் ஆளை எடைபோடுகிறேன்.

மாதம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். லங்காவி, தாய்லாந்தின் ஃபுக்கெட் இரண்டும் அந்தமான் கடல் பக்கம். டிசம்பர் முதல் மார்ச் வரை கடல் அமைதியாக இருக்கும், தைப்பூசம் நல்ல காலத்தில்தான் விழுகிறது. பிள்ளைகளின் முழுப்பரீட்சை முடிந்து மே மாதம் போகிறவர்கள் யோசிக்க வேண்டும், அப்போது அந்தப் பக்கம் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கிவிடும். மே மாதம்தான் தோது என்றால் மலேசியாவின் கிழக்குக் கரையில் பெர்ஹெந்தியான், ரெடாங் தீவுகளைப் பாருங்கள். அங்கே வடகிழக்குப் பருவத்தில்தான் கடல் மோசம், நம் கோடை விடுமுறைக்கு நன்றாக இருக்கும்.

எத்தனை தீவு காட்டுவீர்கள் என்ற கேள்வியைத்தான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள், எனக்கு அது கடைசிக் கேள்வி. நான்கு மணி நேரத்தில் மூன்று தீவு என்றாலே ஏறி இறங்குவதில் பாதி நேரம் போகிறது. ஐந்து, ஆறு என்று போட்டிருந்தால் இரண்டு தீவைப் படகில் உட்கார்ந்தபடியே கை காட்டிவிட்டுப் போவார்கள், அதையும் கணக்கில் சேர்ப்பார்கள். ஒவ்வொரு இடத்திலும் எத்தனை நிமிடம் என்று கேளுங்கள். தாயாங் புந்திங் தீவில் கடலுக்கு அந்தப் பக்கம் நன்னீர் ஏரி ஒன்று இருக்கிறது, புந்திங் என்றால் மலாயில் கர்ப்பிணி, பிள்ளை வரம் கேட்டு அந்தத் தண்ணீரைக் குடித்த கதை அங்கே உண்டு. அங்கே படியேறிக் கொஞ்ச தூரம் நடக்க வேண்டும், முட்டிவலிக்காரர்களுக்கு நேரம் பிடிக்கும். ஒரு மணி நேரமாவது இல்லையென்றால் ஏரியைப் பார்த்ததும் திரும்ப வேண்டியதுதான். குரங்குகள் உண்டு. பிளாஸ்டிக் பை சத்தம் கேட்டால் வந்துவிடும், சீப்புச் சீடை டப்பாவைப் படகிலேயே விட்டுவிடுங்கள். இன்னொரு தீவு பெராஸ் பாசா, அப்படியென்றால் ஈர அரிசி என்று அர்த்தம், பேருக்கு ஏற்ற வெள்ளை மணல், குழந்தைகளுக்கு அங்கேதான் அதிக நேரம் வேண்டும்.

கழுகு பார்க்கும் இடம் பற்றி மனதில் உள்ளதைச் சொல்கிறேன். லங்காவி என்ற பெயருக்கே ஹெலாங் என்றால் கழுகு, காவி என்றால் செம்பழுப்பு என்று விளக்கம் சொல்கிறார்கள், நமக்கும் காவி அந்த நிறம்தான். சிங்கா பெசார் தீவுப் பக்கம் வட்டமிடும் அந்தச் செம்பருந்து நம் ஊர்க் கருடனேதான். இங்கே கோயில் கும்பாபிஷேகத்தில் கலசத்துக்கு மேலே ஒன்று வட்டமிட்டால் தெருவே கன்னத்தில் போட்டுக்கொள்கிறது. அங்கே சில படகுக்காரர்கள் கோழித்தோலையும் குடலையும் தண்ணீரில் வீசி, எஞ்சினை உறுமவிட்டு, கூட்டம் கூட்டமாகப் பறவைகளை இறங்க வைக்கிறார்கள். படம் நன்றாக வரும். ஆனால் தானாக இரைதேட வேண்டிய பறவை படகுச் சத்தத்துக்குப் பழகிப்போவது அதற்கு நல்லதில்லை. தீனி போடாமல் கொஞ்சம் தள்ளி எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருக்கும் படகுகளும் இருக்கின்றன, "தீனி போடுவீர்களா?" என்று முன்கூட்டியே கேட்டு, போடாதவரைத் தேர்ந்தெடுங்கள். சிறிய குழுவாகப் போவதில் பெரிய லாபம் இங்கேதான். பத்துப் பேர் சொன்னால் படகோட்டி கேட்பார், நாற்பது பேர் படகில் நம் குரல் எடுபடாது. கிலிம் சதுப்புநிலக் காட்டிலும் இதே கதைதான். வேகமாகப் போகும் படகின் அலை அலையாத்தி மரங்களின் வேரடி மண்ணை அரிக்கும், மெதுவாகப் போகச் சொல்ல நமக்கு உரிமை உண்டு. லங்காவி 2007-இல் யுனெஸ்கோ புவிப்பூங்கா பட்டியலில் சேர்ந்த இடம், கிலிம் அதன் ஒரு பகுதி.

பணம். ஆளுக்கு இவ்வளவு என்ற விலையில் என்னென்ன அடங்கவில்லை என்று பாருங்கள், பூங்கா கட்டணம், துறைக் கட்டணம், ஸ்நோர்க்கல் கண்ணாடி, தங்கும் இடத்திலிருந்து வண்டி. தாய்லாந்துப் பக்கம் போனால் ஃபி ஃபி தேசியப் பூங்காவுக்கு மட்டும் வெளிநாட்டுப் பெரியவருக்கு 400 பாத் தனியாக வாங்குகிறார்கள், பல விளம்பரங்களில் அது சின்ன எழுத்தில் இருக்கும். எட்டுப் பேருக்கு மேல் இருந்தால் முழுப் படகையும் வாடகைக்குக் கேட்டுப் பாருங்கள். ஆளுக்கு வகுத்தால் வித்தியாசம் சிலசமயம் ரொம்பக் குறைவாக இருக்கும், எங்கே எவ்வளவு நேரம் நிற்பது என்பதும் நம் கையில் இருக்கும்.

விளம்பரம் பழையதா என்று பார்க்கவும் ஒரு வழி உண்டு. ஃபி ஃபியின் மாயா விரிகுடாவை 2018-இல் மூடி 2022 ஜனவரியில்தான் திறந்தார்கள். இப்போது படகு விரிகுடாவுக்குள் போகக்கூடாது, பின்பக்கம் லோ சாமா என்ற இடத்தில் இறங்கி நடந்துதான் வர வேண்டும், ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் மூடிவிடுவார்கள். இன்னமும் மணலில் மூக்கை வைத்து நிற்கும் படகைப் படமாகப் போட்டு, "மாயா கடற்கரையில் நேராக இறங்கலாம்" என்று எழுதியிருந்தால் அந்தக் கம்பெனி தன் பக்கத்தைப் பல வருடமாகத் திருத்தவில்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

விமர்சனங்களில் ஐந்து நட்சத்திரத்தை விட்டுவிட்டு இரண்டு, மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்கள் எழுதியதைப் படியுங்கள். நாம் போகும் மாதத்தில் முந்தின வருடம் யார் என்ன எழுதினார்கள் என்று தேடுங்கள். "அம்மாவைக் கூட்டிப் போனோம்" என்று எழுதியவர் ஒருவர் கிடைத்தால் மற்ற நூறு பேர் எழுதியதைவிட நமக்கு அதுதான் உபயோகம்.

ரத்து பற்றிய கேள்வியை எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். வானிலை சரியில்லை என்றால் முடிவெடுப்பது யார், பணம் திரும்ப வருமா, வேறு நாள் தருவார்களா? "நாங்கள் ரத்தே செய்வதில்லை, எந்த நாளும் போவோம்" என்று பெருமையாகச் சொன்னால் அங்கிருந்து வந்துவிடுங்கள். 2018 ஜூலை 5 அன்று ஃபுக்கெட் அருகே புயல்காற்றில் ஒரு சுற்றுலாப் படகு கவிழ்ந்து 47 பேர் இறந்தார்கள், அன்று வானிலை எச்சரிக்கை இருந்தது. ஸ்பீட் போட்டை விடப் பெரிய படகு அது. நம் பக்கத்திலும் ஒரு முன்னேற்பாடு வேண்டும், படகுப் பயணத்தைக் கடைசி நாளில் வைக்காதீர்கள். முதல் நாளோ இரண்டாம் நாளோ வைத்தால் ரத்தானாலும் அடுத்த நாள் போகலாம். கடைசி நாளில் வைத்தவர்கள்தான் "பரவாயில்லை, போய்விடலாம்" என்று படகோட்டியை வற்புறுத்துகிறார்கள்.

வீட்டிலிருந்து எல்லாரும் ஒரே படகில்தான் போக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. முதுகு ஆகாதவர்களை இரண்டு பேர் துணையோடு கேபிள் காருக்கு அனுப்பிவிட்டு மற்றவர்கள் தீவுக்குப் போகலாம், மாலையில் பந்தாய் செனாங் மணலில் எல்லாரும் ஒன்றாக உட்காரலாம். ஒருவரை வலிக்க வலிக்கக் கூட்டிப்போவதைவிட இது அன்பு.

உடை விஷயத்தில் ஆச்சிமார் கோபித்துக்கொள்ளக் கூடாது, கண்டாங்கி இந்தப் பயணத்துக்கு வேண்டாம். நனைந்தால் கனம் கூடும், ஏணியில் ஏறும்போது கொசுவம் மாட்டும். சுடிதார் நல்லது. நகையை அறையில் பூட்டிவிடுங்கள், கழற்றக்கூடாத தாலிச் சங்கிலியை உள்ளே விட்டு ஊக்குப் போட்டுவிடுங்கள். மூக்குக்கண்ணாடிக்குக் கயிறு கட்டுங்கள். சிறிய படகில் கழிப்பறை இருக்காது, எந்தத் தீவில் இருக்கிறது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை மாத்திரை போடுகிறவர்கள் சாப்பாட்டு நேரம் தள்ளிப்போகும் என்று வைத்துக்கொண்டு கையில் பிஸ்கட்டாவது எடுத்துப் போக வேண்டும். சைவக்காரர்கள் "சைவம்" என்று மட்டும் சொன்னால் போதாது, அங்கே சம்பலில் பெலாச்சான் என்ற இறால் விழுது சேரும், அதைப் பெயர் சொல்லி வேண்டாம் என்க வேண்டும். வாந்தி மாத்திரை டாக்டரிடம் கேட்டு ஏறுவதற்கு முன்பே போட வேண்டும், ஆரம்பித்த பிறகு போட்டால் பயனில்லை. தண்ணீரில் இறங்குகிறவர்கள் படகில் வினிகர் இருக்கிறதா என்று கேளுங்கள், அந்தக் கடலில் கொடிய ஜெல்லி மீன் உண்டு, கொட்டினால் முதலில் ஊற்றுவது அதைத்தான்.

கடலே பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வெள்ளோட்டம் நம் பக்கத்திலேயே பார்க்கலாம். 1986-இல் 21 தீவுகளைச் சேர்த்து மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவை அறிவித்தார்கள். பெரும்பாலானவற்றில் கால் வைக்க அனுமதி இல்லை, குருசடைத் தீவுக்குப் பாம்பன் பக்கம் குந்துகாலிலிருந்து வனத்துறை படகு விட்டிருக்கிறது. அன்றைக்கு நடக்கிறதா என்று கேட்டுக்கொண்டு ராமேஸ்வரம் போகும்போது ஒருமுறை ஏறிப் பாருங்கள். யாருக்குக் குமட்டுகிறது, யார் பயப்படுகிறார்கள் என்று ஊருக்குப் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

இரண்டாவது முறை போனபோது நான் ஆறு கம்பெனிக்கு ஒரே செய்தியை ஆங்கிலத்தில் அனுப்பினேன். அதன் சாரம் இதுதான், அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: "நாங்கள் எட்டுப் பேர். ஒருவருக்கு 76 வயது, ஒரு குழந்தைக்கு 5 வயது. எங்களோடு சேர்த்து அன்று படகில் மொத்தம் எத்தனை பேர், எத்தனை இருக்கை, எத்தனை எஞ்சின்? 5 வயதுக்கான லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா? எந்தத் தீவில் தண்ணீரில் இறங்கி நடக்க வேண்டும்? பெரியவரைப் பின்பாதியில் உட்கார வைக்க முடியுமா? வானிலையால் நீங்கள் ரத்து செய்தால் பணம் திரும்ப வருமா?" மூன்று பேர் விலையை மட்டும் அனுப்பினார்கள். இரண்டு பேர் "கவலை வேண்டாம், எல்லாம் சரி" என்றார்கள். ஒருவர் மட்டும் ஒவ்வொரு கேள்விக்கும் கீழே பதில் எழுதி, படகின் படத்தையும் அனுப்பி, "அன்று காலை பத்து மணிக்குத் தண்ணீர் வற்றியிருக்கும், அதனால் ஏரித் தீவைக் கடைசியாக வைத்துக்கொள்வோம்" என்றும் எழுதியிருந்தார். அவரிடம்தான் போனோம்.

கிளம்பும்போது அப்பத்தாவுக்கு அங்கே இருக்கும் உறவுக்காரப் பெண் கொஞ்சம் மலாய் கற்றுக் கொடுத்திருந்தாள். பெர்லாஹான் என்றால் மெதுவாக, சிக்கிட் என்றால் கொஞ்சம், அபாங் என்றால் அண்ணன். துறையைத் தாண்டிப் படகு வேகம் எடுத்ததும், பின்வரிசைக்கு முன்வரிசையில் இருந்த அப்பத்தா "பெர்லாஹான் சிக்கிட், அபாங்" என்று சத்தமாகச் சொன்னார்கள். படகோட்டி திரும்பிப் பார்த்தார், தலையசைத்தார், எஞ்சின் சத்தம் இறங்கியது. மூன்று தீவிலும் அப்பத்தா இறங்கினார்கள்.